பெரியவரின் வயது

தாங்கல் என்ற ஊரில் சூரியனை யாரும் சூரியன் என்று சொல்வதில்லை, பெரியவர் என்பார்கள். "பெரியவர் எழும்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே பாசிக் குளத்துக்கு வேலைக்குப் போவார்கள். "இன்னைக்குப் பெரியவர் மொகத்துல ரெண்டு மரு கூடுதல்" என்று பேசிக்கொண்டே திரும்புவார்கள். ஆரஞ்சு நிறத்து ஆள். எதிலும் அவசரம் கிடையாது. தன்னைத் தானே ஒரு தரம் சுற்றிக்கொள்ள எட்டு நாள் எடுப்பார்.

ஊரை மூடியிருக்கும் கண்ணாடிக் கூடாரத்தின் வழியே பார்த்தால், இன்னொரு வெளிச்சமும் தெரியும். பகலிலும் மறையாத ஒரு பொட்டு. அவன் பெயர் சின்னவன். அவனுக்கு நிற்க நேரமில்லை. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்பிவிடுவான். அடிக்கடி நெருப்பை வாரி இறைப்பான்.

பெரியவருக்கு வயது அறுபது கோடி ஆண்டு, சின்னவனுக்கு இரண்டே கோடி. இதைச் சொன்னது லித்தியம். நட்சத்திரம் பிறக்கும்போது மேனியில் கொஞ்சம் லித்தியத்தோடுதான் பிறக்கும். வளர வளர அதை எரித்துத் தீர்த்துவிடும். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சிவப்புப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு தடித்திருந்தால் குழந்தை, மெலிந்திருந்தால் வளர்ந்த ஆள். கப்பலேறி வந்த முதல் தலைமுறைக்குப் பாதி வழியில் நினைவகம் பழுதாகிவிட்டது. எல்லாவற்றையும் காப்பாற்ற இடமில்லை. ஒரு காரியத்துக்கு ஓர் அட்டவணை போதும் என்று மிச்சத்தை அழித்தார்கள். நட்சத்திரத்தின் வயதுக்கு மிஞ்சியது ஒரே பக்கம். நிறத்தைப் பார், கோட்டைப் பார், வயதை எழுது. அவ்வளவுதான்.

அந்த வயதை வைத்து ஒரு சட்டமும் போட்டார்கள். முப்பது கோடி நிறையாத நட்சத்திரத்தின் கீழ் பிள்ளை பிறக்கக் கூடாது. இளைய நட்சத்திரம் புயல் வீசும், அதன் வீட்டில் கல் விழுந்துகொண்டே இருக்கும், பச்சைப் பிள்ளைக்கு அது ஆகாது என்று நல்ல மனதோடு போட்ட சட்டம்.

சின்னவன் பக்கத்தில் அக்கரை என்று ஒரு குடியிருப்பு இருந்தது. முந்நூறு பேர். தாங்கலுக்கு வேண்டிய பனிக்கட்டியை வெட்டி அனுப்புவது அவர்கள் வேலை. நாற்பது மீட்டர் பாறைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வாழ்ந்தார்கள். அங்கே ஒருத்தி உண்டானால், வைத்தியர் எழுதிவிடுவார், அடுத்த கப்பலில் அவளைத் தாங்கலுக்கு ஏற்றிவிடுவார்கள். ஆறு மாதப் பயணம். உடம்புக்கு எடையே தெரியாமல் மிதந்துகொண்டு வரவேண்டும். இதுவரை பதினோரு பெண்கள் அப்படி வந்தார்கள். நாலு பேர் வெறுங்கையோடு இறங்கினார்கள்.

தாங்கலில் வயது எழுதுகிறவள் ஆவுடை. நாற்பத்தொரு வயது, தனி ஆள், பேச்சு குறைவு. தினமும் தொலைநோக்கியில் பெரியவரின் கோட்டை அளப்பதும், சின்னவன் வானத்தில் எங்கே நிற்கிறான் என்று குறிப்பதும் அவள் வேலை. அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அறுபது வருடமாக அதைத்தான் செய்தார்கள். வருடத்துக்கு ஒருநாள், அகவை நாள் என்று பெயர், ஊர் மன்றத்தில் ஏறி நின்று இரண்டு வாக்கியம் வாசிப்பாள். "பெரியவருக்கு வயது அறுபது கோடி. இவர் காலடியில் பிறந்ததெல்லாம் முறையாகப் பிறந்தது." பிறகு அந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சீட்டில் ஒவ்வொன்றாக முத்திரை குத்துவாள். அந்த முத்திரை விழுந்தால்தான் பிள்ளைக்கு ஊரில் காற்றும் சோறும் பள்ளிக்கூடமும்.

அகவை நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது அக்கரையில் கணவன் தவசியோடு இருக்கும் தங்கை கோமுவிடமிருந்து செய்தி வந்தது. அங்கிருந்து ஒரு செய்தி வர ஐந்து நாள் பிடிக்கும்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம். வைத்தியர் எழுதிட்டாரு. இன்னும் இருபது நாள்ல கப்பல். தவசிய விடமாட்டாவளாம், காத்து எந்திரத்துக்கு வேற ஆளில்ல. நான் ஒத்தையா வரணும். செல்லக்கனி அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். வயசு எழுதுதவ நீதான. ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருக்கா. இல்லன்னாலும் இல்லன்னு சொல்லிரு, மனசத் திடப்படுத்திக்கிடுதேன்."

ஆவுடை அதை இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். வழி அவளிடம் இருந்தது. மூன்று வருடமாக இருந்தது.

அறுபது வருடத்துக் குறிப்புகளை ஒரு நாள் பொழுதுபோகாமல் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சின்னவன் போகும் பாதை நேராக இல்லை. மயிரிழை அளவுக்கு வளைகிறது. வளைகிறது என்றால் பெரியவர் அவனை இழுக்கிறார், அவன் அவரை இழுக்கிறான். வழியில் சந்தித்துக்கொண்ட அந்நியர்கள் இல்லை, பிறப்பிலிருந்தே ஒன்றாய்க் கட்டுண்ட இருவர். அப்படியானால் ஒருவருக்கு அறுபது கோடி, ஒருவனுக்கு இரண்டு கோடி என்பது எப்படி? அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் இவர்களோடு ஒரே சமயத்தில் பிறந்து கூட்டமாகப் போகும் முப்பத்துநாலு நட்சத்திரங்களை அளந்தாள். வேகமாகச் சுற்றுகிறதிடம் லித்தியம் நிறைய இருந்தது. மெதுவாகச் சுற்றுகிறதிடம் குறைவாக இருந்தது. நடுவாந்தரமாகச் சுற்றுகிறது நடுவில் நின்றது. அட்டவணையில் சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஊரைக் கலக்குவானேன், இன்னும் பத்து நட்சத்திரம் அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்கே ஒரு சமாதானம். போன வருடம் அவள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் செல்லக்கனி கப்பலிலிருந்து வெறுங்கையோடு இறங்கினாள். அன்றைக்கும் ஆவுடை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் தன் வீட்டுப் பெண் என்றதும் நோட்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது. அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

மறுநாள் காலையில் பிறப்புப் பதிவு அறைக்குப் போனாள். அங்கே பிலோமினா இருந்தாள். ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி. பிலோமி அக்கா வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"வாட்டி ஆவுட. அதிசயமா இருக்கு! உன் வாய்க்குள்ள நாக்கு இருக்குன்னு காட்ட வந்தியா?"

"கோமு உண்டாயிருக்காக்கா."

பிலோமியின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "எப்பக் கப்பல்?"

"இன்னும் பதினாலு நாள். அதான் வந்தேன். அக்கா, சின்னவன் சின்னவனில்ல."

நோட்டை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமிக்குக் கோடும் வளைவும் பிடிபடவில்லை.

"எனக்குப் புரியிறாப்புல சொல்லு."

ஆவுடை அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் சின்ன அடுப்பில் பிள்ளைகளுக்குச் சோயாப் பால் காய்ந்துகொண்டிருந்தது. "இந்தப் பால கிண்டாம விட்டா என்ன ஆவும்?"

"அடி பிடிக்கும்."

"கிண்டிக்கிட்டே இருந்தா?"

"பிடிக்காது. இதெல்லாம் எங்கிட்டக் கேப்பியா நீ?"

"அதேதான்னு சொல்ல முடியாது. ஆனா ஏறக்கொறைய அப்படி. நட்சத்திரமும் கொதிக்கிற பானைதான். மேல இருக்கிற லித்தியம் கீழ எறங்கும், அடியில சூடு, எரிஞ்சுபோவும். வேகமாச் சுத்துதவனுக்குள்ள காந்தம் கனத்துப்போவுது. அந்தக் காந்தம் அவன் ஒடம்பக் கொஞ்சம் உப்ப வைக்கும். உப்புனா அடியில சூடு கொறையும். லித்தியம் தப்பிச்சுரும். எதனாலன்னு நான் நெனைக்கது இது, தப்பாக்கூட இருக்கலாம். ஆனா சுத்துத வேகமும் லித்தியமும் சேந்துதான் போவுது, அதுல தப்பில்ல. சின்னவன் கைக்குழந்தை இல்லக்கா. ஓடி ஆடிக்கிட்டு இருக்கான், அதான் பால் அடி பிடிக்கல."

"அப்ப அவனுக்கும் பெரியவருக்கும் ஒரே வயசு."

"ஒரே வயசு."

"என்ன வயசு?"

"கூட்டத்துல இருக்கிற பெரிய நீல நட்சத்திரங்கள வச்சுப் பாத்தேன். பெருசு சீக்கிரம் எரிஞ்சு தீந்துரும். இன்னும் தீராம நிக்கிறது எதுன்னு பாத்தா, எல்லாருக்கும் பன்னெண்டு கோடி வருது."

பிலோமி அடுப்பை அணைத்தாள். திரும்பாமலே கேட்டாள். "பெரியவருக்கும் பன்னெண்டா?"

"ஆமா."

"சட்டம் முப்பது கோடி."

தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு கணக்குப் போட்ட ஆவுடை சின்னவனைத் தூக்கிப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாளே தவிர, பெரியவர் கீழே இறங்கி வருவதை யோசிக்கவே இல்லை.

"இந்த வருசம் முப்பத்தொரு பிள்ள," என்றாள் பிலோமி. "உன் முத்திரைக்குக் காத்துக் கெடக்கு. அடுத்த மாசம் நாலு வரும். நீ பன்னெண்டுன்னு வாசிச்சா கோமுவக் காப்பாத்தினாப்புலயும் ஆகாது, இதுகளும் நடுத்தெருவுல நிக்கும். ஏட்டி, ஒரு பிள்ளய அங்க பெறக்க வைக்க வழி கேட்டு வந்துட்டு, ஊருல ஒரு பிள்ளயும் பெறக்கக் கூடாதுங்கியே!"

மூன்று நாள் ஆவுடை யாரையும் பார்க்கவில்லை. நாலாம் நாள் ஊர் மன்றத் தலைவர் நயினார் அவளே வரட்டும் என்று காத்திருக்காமல் தொலைநோக்கி அறைக்கு ஏறி வந்தார். எழுபது வயது, மூட்டு வலி. படிக்கட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கினார்.

"பிலோமி சொல்லிட்டா தாயி. அவளுக்கு ரகசியம்னா ஊருல பாதிப் பேருக்கு மட்டும் சொல்லுறது. பயப்படாத, எங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கா."

"அண்ணாச்சி, உக்காருங்க."

உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். அவர் பனிக் கப்பல் ஓட்டியவர், கணக்கு தெரியும். "ஒண்ணு கேக்கேன். இளந்தாரி ஆடுவான், வயசானா அடங்குவான். சின்னவன் வேகமாச் சுத்துறதும் இளமைக்கு அடையாளம்தான? லித்தியமும் அதையே சொல்லுது, சுத்துறதும் அதையே சொல்லுது. நீ என்ன புதுசாச் சொல்லுத?"

"நல்ல கேள்வி அண்ணாச்சி. நானும் ஒரு வருசம் அதுலயேதான் நின்னேன். ஆனா பாதை வளையுதே. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுப் பிறந்ததுல ஒருத்தன் மட்டும் எப்படி அம்பத்தெட்டுக் கோடி வருசம் பிந்திப் பொறப்பான்? ஒரே வயத்துப் பிள்ளைல ஒண்ணு துருதுருன்னு இருக்கும், ஒண்ணு வச்ச எடத்துல இருக்கும். நாம துருதுருப்பப் பாத்து வயசு சொல்லிட்டோம்."

நயினார் வளைவின் மேல் விரலை வைத்து அசையாமல் இருந்தார். அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று அந்த விரலிலேயே தெரிந்தது.

"சரி," என்றார் கடைசியில். "அப்ப இப்படிச் செய்வோம். ரெண்டு பேரும் ஒரே வயசுன்னு வாசி. அது உண்மை. ரெண்டு பேருக்கும் அறுபது கோடின்னு வாசி. அது பழைய உண்மை. யாருக்கு என்ன நட்டம்? அக்கரைல பிள்ள பெறக்கலாம். இங்கயும் பெறக்கலாம். உன் தங்கச்சி புருசன் பக்கத்துல இருந்து பெத்துக்கிடுவா. இனிமே ஒருத்தியும் அந்தக் கப்பல்ல ஏற வேண்டாம். ஒரே ஒரு எண்ணு தாயி. அவருக்கு என்ன தெரியவா போவுது?" என்று மேலே கையைக் காட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவர் சொல்லியிருந்தால் மறுப்பது எளிது. ஆவுடைக்கு அந்தக் கணம் தொண்டை வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. கோமு வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுரங்கத்தில் நடப்பதும், தவசி பின்னால் ஓடுவதும்கூடக் கண்ணில் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

அவர் இறங்கிப் போனபின் அவளும் இறங்கினாள். கால் போன போக்கில் கிழக்குத் தெருவுக்கு வந்தாள். அங்கே கூடாரத்தில் கறுப்பு ஒட்டு ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன் வானத்திலிருந்து விழுந்த ஒரு கல் போட்ட ஓட்டை. இரண்டு பேர் செத்தார்கள். பத்து வருடத்தில் அது மாதிரி மூன்று கல். ஒவ்வொரு தடவையும் மன்றம் ஒன்றையே சொன்னது: அறுபது கோடி வருடத்துப் பழைய வீடு, எப்போதோ கூட்டிப் பெருக்கி முடித்தாயிற்று, இது தற்செயல். கல் வருகிறதா என்று வானத்தைக் காவல் பார்க்கக் கப்பலில் கொண்டுவந்த நாலு கருவியையும் வேண்டாம் என்று பிரித்து, பாசிக் குளத்துக்கு விளக்காக்கி வெகுகாலம் ஆகிறது.

ஆவுடை அந்த ஒட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய வீடு இல்லை இது. பன்னிரண்டு கோடி என்றால் நேற்றுக் கட்டின வீடு. கொத்தனார் விட்டுப்போன சல்லி இன்னும் மேலேயிருந்து உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். விழுந்தது மூன்று இல்லை, மூன்றுதான் நம் மேல் விழுந்தது. ஒட்டுக்கு நேர் கீழே ஒரு வீட்டு வாசலில் தொட்டிலைப் போட்டு யாரோ பிள்ளையைத் தூங்க வைத்திருந்தார்கள். அறுபது என்று எழுதினால் அந்தத் தொட்டிலுக்கு மேலே யாரும் காவல் பார்க்கப் போவதில்லை.

ஒரு எண்ணில் தங்கை பிழைப்பாள். இன்னொரு எண்ணில் ஊர் விழித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துத் தரும் எண் ஒன்று எங்கேயும் இல்லை.

அகவை நாளன்று மன்றம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு விதமான அழுகை. பிலோமி நடுவில் உட்கார்ந்து மடியில் ஒன்றை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடை மேடையில் ஏறினாள். கையில் எழுதிய தாள் எதுவும் இல்லை.

"பெரியவருக்கு வயது பன்னிரண்டு கோடி," என்றாள். "சின்னவனுக்கும் பன்னிரண்டு கோடி. இருவரும் ஒன்றாகப் பிறந்தவர்கள்."

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. வருடாவருடம் கேட்ட வாக்கியம் என்பதால் பாதிப் பேர் அறுபது என்றே கேட்டிருந்தார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க, அவர் அடுத்தவரைப் பார்க்க, சத்தம் எழும்பியது. ஆவுடை கையை உயர்த்திக் காத்திருந்தாள். அடங்கியதும் வளைந்த பாதையையும், சுற்றும் வேகத்தையும், அடி பிடித்த பாலையும் சொன்னாள். கிழக்குத் தெரு ஒட்டைச் சொன்னபோது மன்றத்தில் பிள்ளைகள் மட்டும்தான் அழுதன.

பிறகு இரண்டாம் வாக்கியத்தைச் சொன்னாள். "இவர்கள் இருவர் காலடியிலும் பிறந்ததெல்லாம் முறையாகப் பிறந்தது."

"இரு தாயி." நயினார் எழுந்தார். முகம் வாடியிருந்தது. "நான் சொன்னதக் கேட்டிருக்கலாம். மொத வாக்கியம் சொல்லுதது உன் அதிகாரம். ரெண்டாவது சட்டத்தோடது. முப்பது கோடிக்குக் கீழன்னா முத்திரை இல்ல. நான் போட்ட சட்டம் இல்ல, ஆனா காப்பாத்துதேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். இந்த முப்பத்தொண்ணும் இப்பச் சட்டப்படி..."

முடிக்கவில்லை. பிலோமி எழுந்து நின்றுவிட்டாள்.

"நயினாரு! எம் மடியில இருக்கது யாரு தெரியுதா? உம்ம பேத்தி. நாந்தான் எடுத்தேன், நல்லா நாலு கிலோ. சட்டப்படி இவ பெறக்கலைன்னா திருப்பி எங்க வைக்கணும்னு சொல்லும், வைக்கேன். ஆனா உம்ம மருமகட்ட நீரே சொல்லிரும்!"

மன்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்வரிசைக்குப் போயிற்று. நயினாரின் மருமகளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துச் சிரித்துச் சில பேருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதில் எது சிரிப்பு எது அழுகை என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அறுபது வருடத்துச் சட்டம், கையை ஓங்கி யாரும் உடைக்காமலே, அங்கே உட்கார முடியாமல் எழுந்து போய்விட்டது.

நயினார் வெகுநேரம் பேத்தியைப் பார்த்தார். "வயச வச்சு வேண்டாம்," என்றார் மெதுவாக. "தலைக்கு மேல எத்தன மீட்டர் பாறை இருக்கு, எத்தன புயல் வந்துது, அத அளந்து எங்க பிள்ள பெறக்கலாம்னு சொல்லுவோம். அப்படிப் பாத்தா அக்கரைதான் நம்மளவிடப் பத்திரம். கண்ணாடிக்குக் கீழ இருக்கது நாமதான். சம்மதம்னா கையத் தூக்குங்க. தூக்கின கை நாளையிலேர்ந்து கல்லுக் காவலுக்கும் வரணும். சும்மா யாரும் தூக்காதீய."

கைகள் எழும்பின. சில கைகள் தயங்கித்தான் எழும்பின, ஆனால் எழும்பின.

அக்கரைக்குச் செய்தி எழுதினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி யாரையும் ஏற்ற வேண்டாம், சட்டம் மாறிவிட்டது. இப்போது அனுப்பினால் கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது போய்ச்சேரும். ஆவுடை செய்திச் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசலில் செல்லக்கனி நின்றாள். கப்பலிலிருந்து இறங்கியபின் அலைநிலையத்தில் வேலை பார்க்கிறாள். செய்தி அனுப்புவது அவள்தான்.

அவள் சீட்டை வாங்கவில்லை. "இந்தக் கணக்கு எப்பப் போட்ட?" என்றாள்.

இந்த வாரம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் நோட்டைத் திறந்து தேதி பார்க்கப் போவதில்லை.

"மூணு வருசம் ஆச்சு."

"நான் போன வருசம்தான் வந்தேன்."

"தெரியும்."

"கஞ்சி கொண்டாந்த."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அந்த இடத்துக்கு மிகச் சிறிதாக இருந்தது. செல்லக்கனி கையை நீட்டினாள்.

"சீட்டக் குடு. நேரம் ஆவுது."

பதின்மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பதின்மூன்று நாளில் செல்லக்கனி தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவாள். அன்றைக்கு அவளே வந்து ஆவுடையின் கதவைத் தட்டினாள். "படிச்சுட்டேன்," என்றாள். "படிக்காம செய்திய எறக்க முடியாது."

கோமு எழுதியிருந்தாள்.

"அக்கா, கப்பல் என்ன விட்டுட்டுப் போயிட்டு. தவசி கத்துன கத்துல சுரங்கமே அதிர்ந்துபோச்சு. ஆனா நான் எழுத வந்தது வேற. இங்க ஏற்கெனவே ஏழு பிள்ளைய இருக்கு. மூத்தவனுக்கு ஒம்பது வயசு. மூணாம் சுரங்கத்துக்குப் பின்னால வச்சு வளக்காவ. வைத்தியருக்குக்கூடத் தெரியாது. நான் வயசு எழுதுதவ தங்கச்சின்னு எங்கிட்டயும் மறைச்சுட்டாவ. நாலு வருசமா அவுங்களோட ஒரே பந்தியில சாப்புட்டிருக்கேன் அக்கா, ஒருத்தர் மூச்சு விடல. உன் சீட்ட வாசிச்ச பொறவுதான் ஒண்ணொண்ணா வெளிய கூட்டிட்டு வந்தாவ. இவ்வளவு பேர ஒண்ணாப் பாத்துப் பழக்கமில்லாம அம்மமாரு காலக் கட்டிக்கிட்டு நிக்குதுவ. எல்லாம் நல்லா இருக்கு. அதுகளுக்கும் நம்ம ஊருச் சீட்டு வேணுமாம். குடுப்பியா?"

கீழே ஏழு பெயர்கள்.

ஆவுடை படித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது செல்லக்கனி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதைவிடக் கஷ்டமான ஏதோ ஒன்று இருந்தது.

"நானும் அங்கதான் அஞ்சு வருசம் இருந்தேன்," என்றாள். "எங்கிட்டயும் சொல்லல. உண்டானதும் மொத ஆளா நானே போயி வைத்தியர்ட்டச் சொன்னேன். சட்டம்லா. எனக்குச் சட்டம்னா சட்டம்."

ஆவுடை அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க பேச்சியம்மான்னு ஒருத்தி. பந்தியில ரெண்டு பங்குச் சோறு எடுப்பா. பகிர்ந்து தின்னுத எடத்துல இது திருட்டுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். ஒரு மாசம் அவளுக்கு அரப் பங்குதான் போட்டாவ. அப்பவும் அவ வாயத் தெறக்கல." பெயர்ப் பட்டியலில் நாலாவதாக இருந்த பெயரின் மேல் செல்லக்கனி விரலை வைத்தாள். 'பேச்சியம்மா மகள், ஆறு வயது' என்று எழுதியிருந்தது. "அரப் பங்குல ரெண்டு பேரு சாப்புட்டிருக்காவ."

வெளியே காவல் மேடைக்குப் போகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். நயினாரின் முறை அன்றைக்கு. படியேற முடியாமல் யாரையோ திட்டிக்கொண்டு போனார்.

ஆவுடை முத்திரையை எடுத்து வைத்தாள். ஏழு வெற்றுச் சீட்டை எண்ணி எடுத்தாள். முதல் சீட்டில் மை சிந்திவிட்டது. செல்லக்கனி அதை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொன்றை அவள் முன்னால் தள்ளினாள்.

"நான் பேரு வாசிக்கேன், நீ எழுது," என்றாள். "பேச்சியம்மா மகள்லேர்ந்து ஆரம்பிப்போம்."